ஹல்லா பின்னல் ஓவன்ல கிழிஞ்சுடுது, ஏன்?

மாவுக்கை:
யூதர்கள் வெள்ளிக்கிழமை ராத்திரி ஷபாத் (அவங்க வாராந்திர ஓய்வு நாள்) சாப்பாட்டுக்கு வைக்கிற ஹல்லா ரொட்டி வீட்ல பண்ணிட்டு இருக்கேன். 500 கிராம் பிரெட் மாவு, 7 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், 2 முட்டை, கூட ஒரு மஞ்சக்கரு, 60 மில்லி எண்ணெய், 60 கிராம் சர்க்கரை, 8 கிராம் உப்பு, 180 மில்லி தண்ணி. ருசி ஓகே. ஆனா பின்னி வைக்கும்போது அம்சமா இருக்கற சடை ஓவனுக்குள்ள போனதும் பக்கவாட்டுல கிழிஞ்சு வெள்ளையா நார் நாரா தெரியுது, இறுக்கி பின்னினாலும் இதே கதை லூசா பின்னினாலும் இதே கதை. அப்புறம் எண்ணெய்க்கு பதிலா வெண்ணெய் போட்டா இன்னும் சாஃப்ட்டா வருமா? ஆறு கால் பின்னல் எப்படி போடறதுன்னும் யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

ஈஸ்ட்பைத்தியம்:
அளவெல்லாம் சரியாத்தான் இருக்கு, பின்னல் மேலயும் தப்பில்ல. பின்னினதுக்கு அப்புறம் உப்ப விடறது பத்தல, அவ்ளோதான். ஈஸ்ட்டுக்கு இன்னும் வேகம் மிச்சம் இருக்கும்போதே ஓவன்ல வச்சா மேல்தோல் சூட்டுல இறுகிடும், உள்ள மாவு திமிறிக்கிட்டு வளரும், காலும் காலும் ஒட்டற இடம்தான் பலவீனம், அங்க பிச்சுக்கும். சர்க்கரை முட்டை எண்ணெய் எல்லாம் சேந்த மாவு மெதுவாத்தான் எழும்பும், அதனால கடிகாரத்த நம்பாதீங்க. விரல் நுனியால லேசா அழுத்திப் பாருங்க, குழி டக்குன்னு மேல வந்துட்டா இன்னும் விடணும், மெல்ல பாதி வரைக்கும் வந்து நின்னுச்சுன்னா வச்சிடலாம். உருட்டும்போது மாவு திரும்பத் திரும்ப சுருங்கினா மல்லுக்கட்டாம மூடி வச்சிட்டு பத்து நிமிஷம் கழிச்சு வாங்க.

எள்ளும்கசகசாவும்:
வெண்ணெய் போட்டா நல்லாத்தான் இருக்கும், ஆனா அது பிரியாஷ் (வெண்ணெய் நிறைய போடற பிரெஞ்சு ரொட்டி) பக்கம் போயிடும். கோஷர் முறைல, அதாவது யூதர்களோட சாப்பாட்டு விதிப்படி, கறியும் பால் சமாச்சாரமும் ஒரே சாப்பாட்டுல வரக்கூடாது, ஷபாத் சாப்பாட்டுல பெரும்பாலும் கறி இருக்கும், அதான் எண்ணெய். முட்டையையும் ஒவ்வொண்ணா தனிக் கிண்ணத்துல உடைச்சு ரத்தப்புள்ளி இருக்கான்னு பாத்துட்டுதான் மாவுல சேப்பாங்க. நிறைய மாவு பிசைஞ்சா அதுல ஒரு துண்டு கிள்ளி தனியா எடுத்து எரிச்சிடற வழக்கமும் உண்டு, அரை கிலோவுக்கெல்லாம் அது கிடையாது. மேஜைல ரெண்டு ரொட்டி வைக்கணும், அவங்க முன்னோருக்கு பாலைவனத்துல வெள்ளிக்கிழமை மட்டும் மன்னா (வானத்துலேர்ந்து விழுந்ததா பைபிள் சொல்ற உணவு) ரெண்டு மடங்கு கெடச்சதோட ஞாபகமா. ரோஷ் ஹஷானா (யூதப் புத்தாண்டு) வந்தா சடை கூட இல்ல, வட்டமா சுத்தி வச்சிடுவாங்க.

ஆறு காலுக்கு: ஆறையும் ஒரே எடைல உருட்டிக்கோங்க, தலைய சேத்து அழுத்துங்க. வலது ஓரத்து கால எடுத்து ரெண்டுக்கு மேல, ஒண்ணுக்கு கீழ, திரும்ப ரெண்டுக்கு மேல கொண்டு போங்க. அடுத்து இப்ப யாரு வலது ஓரமோ அவங்கள எடுங்க. எப்பவும் வலதுல இருந்துதான், இடதுக்கு போனீங்கன்னா குழம்பிடும்.

அடுப்படிவாசி:
முட்டை பூசறத யாரும் சொல்லலயே. பின்னினதும் ஒரு தடவை, ஓவனுக்கு போறதுக்கு முன்னாடி ஒரு தடவை, எள்ளு ரெண்டாவது பூச்சுக்கு அப்புறம். ஓவன் 180 டிகிரி. பாதி வெந்ததும் வெளிய இழுத்து புதுசா விரிஞ்ச வெள்ளை இடத்துக்கு மட்டும் பிரஷ்ஷால முட்டை தொட்டு வைங்க, கிழிசலே தெரியாது. நடுவுல 88 டிகிரி வந்தா வெந்தாச்சு.

ஈஸ்ட்பைத்தியம்:
@அடுப்படிவாசி அது மேக்கப் சார், வியாதி அப்படியேதான் இருக்கும் 😄 ஆனா ரெண்டு பூச்சு விஷயம் கரெக்ட், கலர் சூப்பரா வரும்.

மாவுக்கை:
எல்லாருக்கும் நன்றி. ராத்திரியே பிசைஞ்சு ஃப்ரிட்ஜ்ல வச்சிடலாமா?

எள்ளும்கசகசாவும்:
தாராளமா. குளிர்ந்த மாவு கைல ஒட்டாம உருட்ட ஈசியா இருக்கும், பின்னினப்புறம் உப்ப ரொம்ப நேரம் எடுக்கும், அதுக்கு மட்டும் நேரம் விட்டு ஆரம்பிங்க.