பைத்தான்: ஆட்ரிபியூட் பெயரைத் தப்பாக அடித்தாலும் எரர் வராதபோது எப்படிப் பிடிப்பது?

கேள்வி:
பில் கிளாஸின் __இனிட்__டில் செல்ஃப்.டோட்டல் = 0 என்று இருக்கிறது. வேறொரு ஃபைலில் யாராவது பில்.டோடல் = 450 என்று அடித்தால் பைத்தான் வாயே திறப்பதில்லை. டோட்டல் 0-விலேயே நிற்கிறது. ஆட்ரிபியூட்டுக்கு மதிப்புக் கொடுக்கும்போதெல்லாம் ஓடும் __செட்ஆட்டர்__ மெத்தடை ஓவர்ரைடு செய்து (நாமே மாற்றி எழுதி) தடுக்கலாமா, வேறு வழி உண்டா?

பதில் 1:
தப்பான பெயரைப் படித்தால் ஆட்ரிபியூட்எரர் வந்துவிடும், பைத்தான் 3.10-இலிருந்து சரியான பெயர் எதுவாக இருக்கும் என்றும் காட்டும். ஆபத்து எழுதும்போதுதான். ஆப்ஜெக்டின் ஆட்ரிபியூட்களை வைத்திருக்கும் டிக்ஷனரியான __டிக்ட்__டில் புதுப் பெயர் சத்தமில்லாமல் ஏறிவிடுகிறது.

அந்த __டிக்ட்__டே இல்லாமல் செய்துவிடுங்கள். கிளாஸுக்குள் __ஸ்லாட்ஸ்__ = ('டோட்டல்', 'தேதி') என்று எழுதினால், பட்டியலில் இல்லாத பெயருக்கு மதிப்புக் கொடுக்கும் வரியிலேயே எரர் வரும். டேட்டாகிளாஸ் (@டேட்டாகிளாஸ் போட்டால் __இனிட்__ தானாக உருவாகும் கிளாஸ்) என்றால் 3.10 முதல் ஸ்லாட்ஸ்=ட்ரூ என்று கொடுத்தாலே போதும். __செட்ஆட்டர்__ வேண்டாம், ஒவ்வொரு அசைன்மென்டும் அதன் வழியாகப் போய் வேகம் குறையும்.

பலரும் கோட்டைவிடும் இடம் இன்ஹெரிட்டன்ஸ். பேரன்ட், சைல்டு இரண்டில் ஒன்றில் __ஸ்லாட்ஸ்__ விட்டுப்போனாலும் __டிக்ட்__ திரும்ப வந்துவிடும், காவலும் போய்விடும். சைல்டில் புது ஆட்ரிபியூட் எதுவும் இல்லையென்றாலும் __ஸ்லாட்ஸ்__ = () என்று எழுதியே ஆக வேண்டும். ஒருமுறை கணக்கிட்ட மதிப்பைச் சேமித்து வைக்கும் கேஷ்டு_ப்ராப்பர்ட்டிக்கு __டிக்ட்__ தேவை என்பதால் அதுவும் இங்கே ஓடாது.

பதில் 2:
மேலே சொன்னது கோட் ஓடும்போதுதான் பிடிக்கும். அதற்கு முன்பே பிடிக்க மைபை (கோடை ஓட்டாமலே டைப்களைச் சரிபார்க்கும் கருவி) போடுங்கள். டைப் எழுதாத ஃபங்ஷன்களின் உள்ளே அது தானாகப் பார்ப்பதில்லை. செக்-அன்டைப்டு-டெஃப்ஸ் ஆப்ஷனை ஆன் செய்ய வேண்டும்.

அப்படியும் ஒரு ஓட்டை மிஞ்சும். கிளாஸின் இன்னொரு மெத்தடுக்குள் செல்ஃப்.டோடல் = 450 என்று எழுதினால், அதைப் புது ஆட்ரிபியூட் அறிவிப்பாகவே மைபை எடுத்துக்கொள்ளும். இதை பைலின்ட் என்ற கோட் சரிபார்க்கும் கருவியின் டபிள்யூ0201 எச்சரிக்கை பிடிக்கும். __ஸ்லாட்ஸ்__ இருந்தால் மைபையே சொல்லிவிடும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. டெஸ்டில் நிஜ ஆப்ஜெக்டுக்குப் பதிலாக வைக்கும் மாக் ஆப்ஜெக்ட் எந்தப் பெயரையும் ஏற்றுக்கொள்கிறதே, அங்கே?

பதில் 1:
மாக்(ஸ்பெக்_செட்=பில்) என்று கொடுங்கள். வெறும் ஸ்பெக்=பில் என்றால் கிளாஸில் இல்லாத பெயரைப் படிப்பதை மட்டுமே தடுக்கும், எழுதுவதை விட்டுவிடும். இன்னொன்று: __இனிட்__டில் மட்டும் உருவாகும் பெயர்கள் கிளாஸில் தெரியாது, அதனால் சரியான டோட்டலுக்கே எரர் வரும். __ஸ்லாட்ஸ்__ பெயர்கள் கிளாஸிலேயே இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை.