மறுமொழி: மரத்திருவிழா வசூல் – எனாமல் வேண்டாம்

அண்ணாச்சிக்கு வணக்கம்.

மரத்திருவிழாவில் ஊர் மரங்களுக்கு எனாமல் பெயிண்ட் அடிக்கவும் அரசமரத்துக்கு மேடை கட்டவும் ஆளுக்கு ஐயாயிரம் கேட்ட மடல் கிடைத்தது. ஆற்றங்கரை மருதத்தில் இரண்டுக்கு இப்போதே எனாமல் அடித்தாயிற்று என்று அத்தை படம் அனுப்பியிருக்கிறாள். விழா நடக்கட்டும், பிள்ளைகள் வரையட்டும். அடிமரத்தில் எனாமல் மட்டும் வேண்டாம். பட்டையிலுள்ள நுண்துளைகள் வழியாகத்தான் காற்று உள்ளே போய்வரும். எனாமல் அதை அடைக்கும், ஈரத்தையும் உள்ளே தேக்கும். அடித்த இரண்டையும் தின்னரால் துடைக்காதீர்கள், சுரண்டாதீர்கள், உயிர்ப்பட்டை கிழியும். மருதம் தகடு தகடாகப் பட்டை உதிர்க்கும் மரம், எனாமலைத் தானே தள்ளிவிடும்.

நிறம் வேண்டுமென்றால் சுண்ணாம்பு போதும். கிலோ கல் சுண்ணாம்புக்கு ஐந்து லிட்டர் தண்ணீர். இரும்பு டிரம்மில் நீற்றுங்கள். கொதிக்கும், பிள்ளைகள் பக்கத்தில் நிற்கக் கூடாது. ஒரு நாள் ஊறவிட்டுத் துணியில் வடித்து, மோர்ப் பதத்தில் மெல்லிசாக ஒரு கை அடியுங்கள். ஃபெவிகால் சேர்த்தால் அதுவும் எனாமல் மாதிரியே படலம் கட்டும். காவி கலக்கலாம். மஞ்சள்தூள் சுண்ணாம்பில் சிவந்துபோகும்.

பிள்ளைகளுக்குப் பட்டைப் பதிவு வைக்கலாம். மெல்லிய தாளைப் பட்டைமேல் இறுக்கிப் பிடித்து, மெழுகு கிரேயானைப் படுக்கவைத்துத் தேய்க்க வேண்டும். கோயில் புளியமரத்தில் வெடிப்பெல்லாம் அழகாக விழும். மருதம் வழவழப்பு, ஒன்றும் தெரியாது. தாளின் ஓரத்தில் மரத்தின் சுற்றளவையும் எழுதச் சொல்லுங்கள், தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் அளந்து. பெயர்ப்பலகைக்கு ஆணியும் கம்பியும் வேண்டாம். கயிற்றில் தளர்வாகக் கட்டி, வருஷா வருஷம் அவிழ்த்துக் கட்டணும். மரம் பருக்கப் பருக்கக் கட்டு பட்டையை அறுக்கும்.

– வடக்குத்தெரு, மஸ்கட்

---

விழாச் செலவு மதிப்பீட்டில் 'அரசமர மேடை – 38,000' என்று ஒரே வரி. எத்தனை மூட்டை சிமென்ட், யார் கொத்தனார்? பந்தல் பாக்கி மாதிரி இதுவும் ஆகக் கூடாது. ரசீது வராமல் கீழத்தெரு வசூல் தராது.

– கீழத்தெரு, ஷார்ஜா

---

பக்கத்தூர்க்காரன் தண்ணீர்த் தொட்டியில் கலர் கலராகப் படம் போட்டுவிட்டான். நாம் சுண்ணாம்படித்து நின்றால் ஊருக்கு என்ன பேர்? அந்த அரசமரத்தடியில்தான் பெரியப்பா பஞ்சாயத்துப் பேசினார். அதற்கு ஒரு மேடைகூடக் கட்டக் கூடாதா?

– மேலத்தெரு, சிங்கப்பூர்

---

மாமா, மேடை கட்டலாம், அடிமரத்தை ஒட்டி வேண்டாம். 2013-லேயே டெல்லியில் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருந்த காங்கிரீட்டை எடுக்கச் சொல்லித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது. அரசமரத்துக்கு அந்த ஒரு மீட்டரும் பற்றாது. குறைந்தது ஆறடி மண் விட்டு, வெளியே கல் பலகை போடுங்கள். அடிமரத்தை ஒட்டி மண் கொட்டி உயர்த்தினால் வேரும் அடிமரமும் சேரும் கழுத்து அழுகும். கலர் ஆசைக்குப் பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர் இருக்கிறது. வெளிச்சுவருக்கு அடிக்கும் எக்ஸ்டீரியர் எமல்ஷன் பெயிண்டில் ஒவ்வொரு மரத்தின் இலையும் பூவும் காயும் பெரிதாக வரையட்டும். முதலில் பாசியைத் தேய்த்துக் கழுவி, காயவிட்டுப் பிரைமர் அடித்தால்தான் நிற்கும். அதற்கு ஐயாயிரம் என்ன, பத்தாகவே தருகிறேன். ரசீது எனக்கும் வேண்டும்.

– வடக்குத்தெரு, மஸ்கட்