முத்தம் மேல்நாட்டுச் சரக்கா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தொண்டிக்காரன்:
வாசகர் வட்டத்தில் பேசணும். உதட்டு முத்தம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். சரியா? நம்ம கரையோர ஊர்களில் முத்தம் எங்கெல்லாம் வருகிறது?

பாம்பன் வாடை:
தம்பி, துளியும் சரியில்லை. காதலியின் பல்லில் ஊறிய நீர் பாலும் தேனும் கலந்தது போல என்கிறது குறள் 1121. மெசபடோமியாவின் (இன்றைய ஈராக் பக்கம்) களிமண் பலகைகளில் கி.மு. 2500 வாக்கிலேயே முத்தம் பதிவாகியிருக்கு. அதுக்காக உலகம் முழுக்க உண்டுன்னும் பேசிடாதீங்க. 2015இல் வந்த ஆய்வில் 168 பண்பாடுகளைப் பார்த்தாங்க; காதலர் உதட்டு முத்தம் 46 சதவீதத்தில்தான் இருந்தது. பழைய பாரசீகத்தில் அந்தஸ்து பார்த்தே முத்தம் என்று எழுதியிருக்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ்: சமமானவருக்கு வாயில், கொஞ்சம் தாழ்ந்தவருக்குக் கன்னத்தில், ரொம்பத் தாழ்ந்தவர் காலில் விழணும்.

நம்ம பக்கம் பெரிய வெள்ளியன்று கோயிலில் சிலுவை முத்தி, அதாவது சிலுவையை முத்தமிடுவது. மூடிய சிலுவையை மூன்று கட்டமாகத் திறந்து காட்டுவார் சாமியார். பிறகு வரிசையில் வந்து முழங்காலிட்டு, பாடுபட்ட சுரூபத்தின் (சிலுவையில் அறையப்பட்ட இயேசுவின் உருவம்) பாதத்தில் முத்தி செய்யணும். பக்கத்தில் நிற்பவர் ஒவ்வொரு தடவையும் துணியால் துடைப்பார். 2020இல் கொரோனாவால் குருவானவர் மட்டும் முத்தி செய்தால் போதும்னு ரோமிலிருந்தே உத்தரவு வந்தது.

கீழக்கரை காக்கா:
மக்காவுக்கு ஹஜ், உம்ரா யாத்திரை போறவங்க கஅபாவின் மூலையில் பதித்திருக்கும் ஹஜருல் அஸ்வத் என்ற கறுப்புக் கல்லை முத்தமிடுவது சுன்னத், அதாவது நபிவழி; கடமை இல்லை. "நீ நன்மையும் தீமையும் செய்ய முடியாத கல், நபிகள் முத்தமிட்டதைப் பார்த்ததால்தான் நானும் முத்தமிடுகிறேன்" என்ற கருத்தில் இரண்டாம் கலீஃபா உமர் (ரலி) சொன்னதை அவசியம் பேச்சில் சேருங்க, அர்த்தம் முழுக்க அதில் இருக்கு. நெரிசலில் முட்டி மோதி அடுத்தவரை நோகடிப்பது கூடாது. கையால் தொட்டுக் கையை முத்தமிடலாம். அதுவும் எட்டலைன்னா கையை உயர்த்திச் சைகை செய்துவிட்டுத் தவாஃபை (கஅபாவைச் சுற்றி வருவதை) தொடரலாம். பலர் கவனிக்காதது ஒண்ணு: கல்லில் அத்தர் பூசியிருக்கும். இஹ்ராம் என்ற யாத்திரைக் கட்டுப்பாட்டில் இருப்பவருக்கு நறுமணம் ஆகாது, அதனால் அப்போ விலகியிருப்பதே நல்லது.

தேவிபட்டினம் அக்கா:
வீட்டு முத்தத்தை விட்டுட்டீங்களே! ஐந்து விரலையும் குவித்துப் பிள்ளையின் முகவாயைத் தொட்டு, அந்த விரல்களைத் தன் வாயில் வைத்து "ம்ச்" என்று கொஞ்சுவாங்க கிழவிகள். உதடு பிள்ளைமேல் படவே படாது. உச்சி முகர்வதிலும் மூக்குக்குத்தான் வேலை.

பச்சைப்பிள்ளைக்கு இந்த வழக்கமே நல்லது. உதட்டில் நீர்க்கொப்புளம் உள்ளவர் முத்தமிட்டால் ஹெர்பீஸ் வைரஸ் தொற்றலாம். பிறந்து முதல் 4 வாரத்தில் அது உயிருக்கே ஆபத்து. கொப்புளம் இருந்தால் முகத்துப் பக்கமே போகாதீங்க. முகவாயைத் தொடுவதாக இருந்தாலும் கையைச் சோப்பு போட்டுக் கழுவணும்; வாயில் வைத்த விரலால் மறுபடி பிள்ளையைத் தொடக் கூடாது.