லாரி ஓனர்-கம்-டிரைவர்: வருமான வரி 44ஏஇ பிரிவுல எந்த டன்னைப் போடணும்?

மணலி_டென்டயர்:
வணக்கம். ஆர்சியில கிராஸ் வெயிட் (வண்டியும் லோடும் சேர்த்த மொத்த எடை) 28,000 கிலோ இருக்கிற டென் டயர் லாரி ஒண்ணு, குட்டி யானை (சின்ன சரக்கு வண்டி) ஒண்ணு. ரெண்டும் என் பேர்ல. பெரிய வண்டிக்கு இன்னும் டியூ (கடன் தவணை) ஓடுது. எண்ணூர்–மாதவரம் பக்கம் ஒரு டிரான்ஸ்போர்ட்டுக்கு ஓட்டுறேன், வாடகையில 1% டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கிற வருமான வரி) பிடிக்கிறாங்க. 26ஏஎஸ்-ல (வரி பிடிச்ச விவரம் காட்டுற பட்டியல்) வருஷ வாடகை 24 லட்சம்னு நிக்குது. டீசல், டோல், டியூ எல்லாம் போனா கையில மிஞ்சுறது சொற்பம். 2025-26 நிதியாண்டுக்கு எவ்வளவு வருமானம் காட்டணும்? எஃப்சி (தகுதிச் சான்று) வேலைக்காக வண்டி ரெண்டு மாசம் ஷெட்ல நின்னுச்சு, அதைக் கழிக்கலாமா? ஜிஎஸ்டி எடுக்கணுமா?

கணக்குநோட்டு:
24 லட்சத்தைப் பார்த்துப் பயப்படாதீங்க. 10 வண்டிக்கு மேல் இல்லாதவங்களுக்கு 44ஏஇ இருக்கு, அதாவது கணக்குப் புத்தகம் பார்க்காம மதிப்பீட்டுல வருமானம் காட்டுற பிரிவு. இதுல வாடகைக்கு உச்சவரம்பே கிடையாது, வண்டியோட எடைதான் கணக்கு.

கிராஸ் வெயிட் 12,000 கிலோவுக்கு மேல இருந்தா மாசம் டன்னுக்கு 1,000 ரூபாய். உங்க டென் டயருக்கு 28 × 1,000 × 12 = 3,36,000. அதுக்குக் கீழே இருக்கிற வண்டிக்கு மாசம் 7,500, அப்போ குட்டி யானைக்கு 90,000. மொத்தம் 4,26,000.

2025-26க்குப் புது ரெஜிம்ல (புதிய வரி முறை) 4 லட்சம் வரை வரி இல்லை. மீதி 26,000க்கு 5%, அதாவது 1,300. 12 லட்சத்துக்குள்ள வருமானம் இருக்கிறதால 87ஏ தள்ளுபடியில அதுவும் போயிடும். வரி பூஜ்யம். பிடிச்ச 24,000 ரூபாய் டிடிஎஸ் முழுசா ரீஃபண்ட். ஆனா வருமானம் 4 லட்சத்தைத் தாண்டுறதால ஐடிஆர் (வருமான வரி ரிட்டர்ன்) போட்டே ஆகணும். படிவம் ஐடிஆர்-4.

ஷெட்ல நின்ன மாசத்தைக் கழிக்க முடியாது. சட்டம் பார்க்கிறது வண்டி ஓடின மாசத்தை இல்லை, உங்க பேர்ல இருந்த மாசத்தை. ஒரு நாள் இருந்தாலும் அது முழு மாசம். டியூ முடியலைன்னாலும் ஓனர் நீங்கதான். டீசல், டயர், பேட்டா, வட்டி எதையும் இதுக்கு மேல கழிக்க வழியில்லை, எல்லாம் அந்த ஆயிரத்துக்குள்ளயே அடக்கம்.

வடசென்னை_ரிட்டர்ன்:
மேல சொன்னது சரி. ஃபார்ம்ல மாட்டுற இடம் வேற. ஒவ்வொரு வண்டிக்கும் பதிவு எண், சொந்தமா வாடகையா, டன், மாசம்னு தனி வரி வரும். அந்த டன் கட்டத்துல பலபேர் ஏத்துற லோடைப் போட்டுடறாங்க. 28 டன் வண்டிக்கு 19னு போட்டா 2,28,000தான் வரும், 1,08,000 குறைச்சுக் காட்டினதா ஆயிடும். ஆர்சியை எடுத்து கிராஸ் வெயிட் பார்த்து எழுதுங்க. கீழே கையிருப்பு ரொக்கம் கேட்கும், மார்ச் 31 அன்னிக்கு இருந்த நிஜத் தொகையைப் போடுங்க.

டிடிஎஸ் பிடிக்கவே வேண்டாம்னா வழி இருக்கு. "10 வண்டிக்கு மேல் இல்லை"ன்னு எழுதி, பான் நம்பரோட கையெழுத்துப் போட்டு டிரான்ஸ்போர்ட் ஆபீஸ்ல ஒவ்வொரு நிதியாண்டு ஆரம்பத்துலயும் கொடுத்துடுங்க. வருஷ நடுவுல கொடுத்தா முன்னாடி பிடிச்சது திரும்பாது, ரிட்டர்ன்லதான் வாங்கணும். பானே கொடுக்கலைன்னா 20% பிடிப்பாங்க. 2026 ஏப்ரல்ல இருந்து புது வருமான வரிச் சட்டம், அதனால 2026-27ல இருந்து கொடுக்கிற கடிதத்துல பழைய பிரிவு எண்ணை அப்படியே காப்பி அடிக்காதீங்க.

ஜிஎஸ்டி: வண்டியை டிரான்ஸ்போர்ட் கம்பெனிக்கு வாடகைக்கு விடுற வரைக்கும் அந்த வாடகைக்கு விலக்கு. உங்க பேர்ல எல்ஆர் (சரக்கு ஏத்தினதுக்கான லாரி ரசீது) போட ஆரம்பிச்சா ஜிடிஏ (சரக்குப் போக்குவரத்து ஏஜென்சி) ஆயிடுவீங்க, அது தனிக் கதை. ஆர்டிஓவில கட்டுற காலாண்டு வரிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை.

மணலி_டென்டயர்:
ரொம்ப நன்றிண்ணே. டியூ முடிஞ்சதும் ரெண்டு வண்டியையும் கொடுத்துட்டு வேற எடுக்கலாம்னு இருக்கேன். அதுக்கு ஏதாவது உண்டா?

கணக்குநோட்டு:
உண்டு தம்பி, பலபேர் கோட்டை விடுறதே இங்கதான். 44ஏஇ-ல தேய்மானத்தை (வருஷா வருஷம் வண்டி மதிப்பு குறையுறது) நீங்க தனியா கழிக்கலைன்னாலும், கழிச்சதாகவே சட்டம் எடுத்துக்கும். வாடகை லாரிக்கு வருஷம் 30%. பெரிய வண்டியை மட்டும் பார்ப்போம். 30 லட்சத்துக்கு எடுத்தது முதல் வருஷ முடிவுல 21, அடுத்து 14.7, மூணாவது 10.29 லட்சம். நாலாவது வருஷம் 14 லட்சத்துக்கு வித்து, மார்ச் 31க்குள்ள வேற லாரி எடுக்காம இருந்தா, 3.71 லட்சம் குறுகிய கால மூலதன லாபம். "30க்கு வாங்கி 14க்கு வித்தேன், நஷ்டம்தானே"ன்னு சொன்னா செல்லாது. வாங்கின வருஷம் 180 நாளுக்குக் குறைவா ஓட்டியிருந்தா அந்த வருஷத்துக்கு 15%தான்.

அந்த லாபத்தை ஐடிஆர்-4ல காட்ட இடமில்லை, ஐடிஆர்-3 போடணும். அதே நிதியாண்டுக்குள்ள அடுத்த லாரியை வாங்கி ஓட்ட ஆரம்பிச்சா அதோட விலையும் அதே பிளாக்ல (ஒரே தேய்மான விகிதம் உள்ள சொத்துகளோட தொகுப்பு) சேரும், லாபம் வராது. பழசை மார்ச்ல வித்து, புதுசை ஏப்ரல்ல எடுக்கிற வேலை மட்டும் வேணாம்.

வடசென்னை_ரிட்டர்ன்:
கூடவே ஒண்ணு. வண்டி கூடி, டிடிஎஸ் போக வரி 10,000 அல்லது அதுக்கு மேல வந்தா அட்வான்ஸ் டாக்ஸ் கட்டணும். மார்ச் 15 ஒரே தவணைங்கிற சலுகை 44ஏடி (சின்ன வியாபாரம்), 44ஏடிஏ (டாக்டர், வக்கீல் மாதிரி தொழில்) ஆளுங்களுக்குத்தான். 44ஏஇ-க்கு ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15னு நாலு தவணை.