16 அடி அகலக் கடையில் புடவைக்கடை: உள்ளமைப்பு சரிவருமா?

உப்புவெளி_வாசி

திருகோணமலை மத்திய வீதிக்குக் கிட்ட ஒரு கடை வாடகைக்குப் பேசியிருக்கிறோம். உள் அகலம் 16 அடி, நீளம் 42 அடி. முகப்பு மேற்குப் பார்த்தது, வாசலில் 6 அங்குலப் படி. சாறி, சல்வார், அபாயா, பிள்ளைகளின் உடுப்பு வைக்க எண்ணம். வரப்போகிறவர்கள் கூடுதலாகக் கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், நிலாவெளிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் குடும்பங்கள். தமிழ், முஸ்லிம், சிங்களச் சனம் எல்லாரும்தான். உள்வேலை செய்பவர் கொழும்புக் கடைகளின் படத்தைக் காட்டி, முகப்பு முழுக்கக் கண்ணாடி, இரண்டு பக்கமும் கவுன்டர், எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) ராக்கை என்கிறார். எங்கட சனத்துக்கு இது சரிவருமா? வேலை தொடங்கமுதல் திருத்த வேண்டியதைச் சொல்லுங்கோ.

அளவுநாடா

இரண்டு பக்கக் கவுன்டரை முதலில் விடுங்கோ. சுவர் ராக்கை 15 அங்குலம், விற்பவர் நிற்க 30, கவுன்டர் 24: ஒரு பக்கத்துக்கு 69 அங்குலம். இரண்டு பக்கமும் போட்டால் 11½ அடி போய்விடும், மிச்சம் 4½ அடி. கதிரையில் ஒருவர் இருந்தால் கவுன்டர் விளிம்பிலிருந்து 2½ அடி பிடிப்பார். எதிரெதிரே இரண்டு பேர் இருந்தாலே முதுகு முட்டும், பின்னுக்குப் போக வழியில்லை.

ஒரு பக்கம் மட்டும் கவுன்டர் போட்டு, எதிர்ச்சுவரில் 2 அடி ஆழத்துக்குத் தொங்கவிடும் கம்பிகள் வையுங்கோ. ஆட்கள் இருந்த பிறகும் நடக்க 5¾ அடி கிடைக்கும்.

சாறி வாங்குவது ஒருத்தி, தெரிவு செய்வது நாலு பேர்: அம்மா, அக்கா, மச்சாள், சில நேரம் மாமியாரும். ஆகவே ஒரு குடும்பத்துக்குக் கவுன்டரில் 5 அடி ஒதுக்க வேண்டும். 15 அடிக் கவுன்டரில் மூன்று குடும்பம். அதற்குமேல் நெருக்கினால் முந்தானையை விரிக்க இடமிராது. கவுன்டர் உயரம் 30 அங்குலம். 36 அங்குலம் நின்று வாங்குபவர்களுக்கு உரியது. அது கதிரையில் இருப்பவரின் நெஞ்சளவுக்கு வந்து, துணி மடியில் விழாமல் நிற்கும். காசு மேசைக்குப் பக்கத்தில் ஒரு வாங்கு போடுங்கோ, கூட வந்த ஆண்களும் வயதானவர்களும் அங்கே இருக்கட்டும். வாங்கு இல்லாவிட்டால் அவர்கள்தான் "கெதியாய் எடு" என்று அவசரப்படுத்துவார்கள்.

பிள்ளைகளின் உடுப்பு முன்னுக்கு, சாறி நடுவில், சல்வாரும் அபாயாவும் பின்னுக்கு. பின்பகுதி வீதியிலிருந்து நேரே தெரியக்கூடாது.

வெளிச்சம்_பார்ப்பவர்

மேற்குக் கண்ணாடிதான் பெரிய சிக்கல். மேலே 4 அடி நீட்டுத் தட்டுப் போட்டாலும் மாலை நாலு மணி வெயிலில் அது கண்ணாடியின் மேல் இரண்டேகால் அடியைத்தான் மறைக்கும், ஐந்து மணிக்கு ஒரு அடி மட்டும். சூரியன் தாழ்வாக வருவதால் மேல்தட்டு உதவாது. மூன்று மணிக்குக் கீழே இழுத்துவிடும் திரையும், கண்ணாடியில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஒட்டுப் படலமும் வேண்டும். பொம்மைகளைக் கண்ணாடியிலிருந்து 2 அடி உள்ளே வைத்து, உடுப்பைக் கிழமைக்கு ஒருமுறை மாற்றுங்கோ. இல்லாவிட்டால் மடிப்பின் வெளிப்பக்கம் மட்டும் வெளுத்து, அந்தச் சாறி விலைபோகாது. என் எண்ணத்தில் முகப்பில் பாதி கண்ணாடி போதும்.

கடையில் மலிவாய்க் கிடைக்கும் 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிற அளவு) வெள்ளை டியூப் பூட்டாதீர்கள். அதில் அரக்கு மண்ணிறமாகும், சரிகை வெளிறும். 4000 கெல்வின், நிறங்காட்டும் சுட்டெண் (CRI) 90க்கு மேல் என்று பெட்டியில் பார்த்து வாங்குங்கோ. கவுன்டரின் மேல் 750 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு), மற்ற இடத்தில் 400 அளவு. விளக்கு வாடிக்கையாளரின் தலைக்குப் பின்னால் வந்தால் அவரின் நிழலே துணியில் விழும். கவுன்டருக்கு நேர் மேலே தொங்க வேண்டும்.

எவ்வளவு நல்ல விளக்கென்றாலும் நம்ம பெண்கள் சாறியை வெளியே கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பார்கள். தடுக்காதீர்கள். வாசலுக்கு உட்பக்கம் 4 அடி வெறுமையாய் விட்டு அங்கே ஒரு நிலைக்கண்ணாடி வையுங்கோ.

உப்புக்காற்று

எம்டிஎஃப் வேண்டாம். மாரியில் ஈரக்காலும் தரை துடைக்கும் தண்ணீரும் சேர, அடிப்பலகை ஊதிப் பிளக்கும். கடல் தாங்கும் பிளைவுட் எடுத்து, நிலத்திலிருந்து 4 அங்குலம் உயர்த்தி, சுவரிலிருந்து ஒரு அங்குலம் தள்ளிப் பூட்டுங்கோ. பூச்சுப் பூசிய இரும்புக் கம்பி முதலில் துளைபோட்ட இடத்திலும் வெட்டிய முனையிலும்தான் கறள் பிடிக்கும், அந்தக் கறள் வெள்ளைத் துணியில் பட்டால் போகாது. அலுமினியம் அல்லது 304 தரக் கறளில்லா உருக்கு எடுங்கோ, ஆணியும் அதே உருக்காக இருக்கட்டும். கம்பி நல்லதாயிருந்து ஆணி இரும்பென்றால் வேலை வீண்.

வாசற்படிக்கு 1:12 சரிவென்றால் (ஒரு அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம்) 6 அங்குலத்துக்கு 6 அடி நீளம் வேண்டும். நடைபாதையில் நீட்ட ஏலாது, வாசற்கதவை உள்ளே தள்ளித்தான் அமைக்க வேண்டும். மினுங்காத தரையோடு போடுங்கோ.

உப்புவெளி_வாசி

மிச்சம் நன்றி. உடுத்திப் பார்க்கும் அறை எத்தனை, என்ன அளவு? 3க்கு 3 அடியில் இரண்டு என்கிறார் உள்வேலை செய்பவர்.

அளவுநாடா

அபாயாவைக் கை விரித்துத்தான் போட வேண்டும், மகளோடு தாயும் உள்ளே போவா. 4க்கு 4½ அடியில் ஒன்று, 3½க்கு 4 அடியில் ஒன்று. திரைச்சீலை வேண்டாம், நிலம்வரை கதவும் உட்தாழ்ப்பாளும் போடுங்கோ, காற்றுக்கு மேலே மட்டும் இடைவெளி. உள்ளே கண்ணாடி, மூன்று கொளுக்கி, ஒரு சிறு இருக்கை. கண்காணிப்புக் கமெரா அந்த வாசலைக்கூடப் பார்க்காதபடி திருப்பி வையுங்கோ. அந்தப் பக்கம் ஒரு பெண் பிள்ளை நிற்கட்டும்.

விலைச்சீட்டில் இலக்கம் பெரிதாக இருக்கட்டும், பெயர்ப்பலகை மூன்று மொழியிலும். நடுவில் மேசைகள் போடுவதென்றால் சில்லுப் பூட்டுங்கோ: தீபாவளி, றமழான் பெருநாள், சித்திரை வருடப்பிறப்புக்கு முந்திய கிழமை அவற்றைப் பின்னறைக்குத் தள்ளினால்தான் சனம் உள்ளே நிற்கும்.