எச்61 போர்டில் ஐ3-2100: ஐ5-3470 போடவா, ஐ7-3770 போடவா?

கடைவீதி_டிடிபி
வணக்கம். ஜெராக்ஸ், டிடிபி கடை சிஸ்டம். இன்டெல் ஐ3-2100 ப்ராசசர், எச்61 சிப்செட் மதர்போர்டு (ரேம் ஸ்லாட் ரெண்டு), 4 ஜிபி டிடிஆர்3 ஒரே ஸ்டிக், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. கிராபிக்ஸ் கார்டு கிடையாது. ஓடுறது போட்டோஷாப், கோரல் டிரா, பேஜ்மேக்கர், குரோமில் பத்துப் பதினஞ்சு டேப். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் ஒண்ணு பேரலல் போர்ட்டில் இருக்கு. பட்ஜெட் 7,000. ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய ஐ5-3470, ஐ7-3770 ரெண்டும் கிடைக்குது. எதை எடுக்கலாம்?

எட்டுத்திரி
3770. யோசிக்கவே வேண்டாம். நாலு கோர், எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் எட்டு வேலை ஓட்டும்), 8 எம்பி கேஷ், டர்போவில் (தேவைப்படும்போது தானா கூடுற வேகம்) 3.9 கிகாஹெர்ட்ஸ். உங்க 2100க்கு டர்போவே இல்லை, 3.1லயே நிக்கும். 3470 போட்டா 3.6 வரை போகும், ஆனா நாலு த்ரெட்தான். இந்த போர்டு ஏத்துக்கிறதுல உச்சம் 3770. பாதி வழியில நிக்கிறதுக்கு எதுக்கு செலவு பண்ணணும்?

நிதானி
@கடைவீதி_டிடிபி, ப்ராசசரை வாங்குவதற்கு முன் ஒரு வேலை. வழக்கமாக எல்லாம் திறந்து வைத்திருக்கும் நேரத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, போட்டோஷாப்பில் ஒரு பெரிய கோப்பைத் திறங்கள். சிபியு, மெமரி, டிஸ்க் மூன்றும் எத்தனை சதவீதம் காட்டுகின்றன என்று எழுதுங்கள். அதற்குப் பிறகு 3470ஆ 3770ஆ என்று பேசலாம்.

கடைவீதி_டிடிபி
பார்த்தேன் சார். டிஸ்க் 100, மெமரி 93, சிபியு 40லிருந்து 50. ஃபில்டர் ஓட்டும்போது மட்டும் சிபியு 100 தொடுது.

நிதானி
அப்படியென்றால் உங்களுக்குத் தாமதம் ப்ராசசரால் வரவில்லை. 4 ஜிபி நிரம்பியதும் விண்டோஸ் மிச்சத்தை ஹார்ட் டிஸ்கில் உள்ள பேஜ் ஃபைலுக்குத் தள்ளுகிறது. அதே டிஸ்கிலிருந்துதான் போட்டோஷாப்பும் படிக்கிறது, அதன் ஸ்கிராட்ச் கோப்பும் (தற்காலிகக் கோப்பு) அங்கேதான். நூறு சதவீதம் என்பது அந்த நெரிசல். இதில் 3770ஐ மாட்டினால் எட்டு த்ரெட்டும் டிஸ்குக்காகக் காத்துக்கொண்டிருக்கும்.

முதலில் சாட்டா எஸ்எஸ்டி, 240 அல்லது 500 ஜிபி. எச்61இல் சாட்டா 3 கிடையாது, நான்கு போர்ட்டுமே 3 கிகாபிட். ஆகவே பெட்டியில் 550 எம்பி என்று போட்டிருந்தாலும் உங்களுக்கு 270, 280தான் வரும். கவலைப்படாதீர்கள், சிறு சிறு கோப்புகளைத் தேடி எடுக்கும் வேகம்தான் இங்கே மாற்றத்தைத் தரும், அது முழுமையாகக் கிடைக்கும். என்விஎம்இ என்ற வேறு வகை எஸ்எஸ்டியை அடாப்டரில் மாட்டலாம் என்று யாராவது சொன்னால் விட்டுவிடுங்கள், இந்தப் பழைய போர்டின் பயாஸ் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் மென்பொருள்) அதிலிருந்து பூட் செய்யாது.

அடுத்து ரேம். போர்டு 16 ஜிபி வரை ஏற்கும். 4 ஜிபி இன்னொன்று போட்டால் 8, அதுவும் டூயல் சேனலில் (இரண்டு ஸ்டிக்கும் ஒரே நேரத்தில் வேலை செய்யும்). தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத உங்களுக்கு டூயல் சேனல் இரட்டை லாபம், திரைக்கான மெமரியும் அதே ரேம்தான். முடிந்தால் 8 ஜிபி இரண்டு. ஒன்று கவனம்: 'ஏஎம்டி மட்டும்' என்று சொல்லி மலிவாக விற்கும் 8 ஜிபி டிடிஆர்3 ஸ்டிக்குகளை வாங்காதீர்கள். அதிலுள்ள சில்லுகளின் அமைப்பு இன்டெல் மெமரி கண்ட்ரோலருக்கு ஒத்துவராது, போர்டு திரையே காட்டாமல் நிற்கும்.

எட்டுத்திரி
எஸ்எஸ்டி வேண்டாம்னு யார் சொன்னா? ஆனா அதைப் போட்டதும் டிஸ்க் நெரிசல் போயிடும், அடுத்த முட்டுக்கட்டை ரெண்டு கோர்தான். ஃபில்டருக்கு 100 தொடுதுன்னு அவரே எழுதியிருக்கார். 2100க்கும் 3770க்கும் ஒத்தை கோரிலேயே 3.1க்கு 3.9, கால் பங்கு கூடுதல். கட்டமைப்பும் ஒரு தலைமுறை புதுசு. கோர் எண்ணிக்கை ரெண்டு மடங்கு. இது சின்ன மாற்றமா?

நிதானி
கோரல் டிராவிலும் பேஜ்மேக்கரிலும் பெரும்பாலான வேலை ஒற்றை கோரில்தான் நடக்கிறது. அங்கே 3470க்கும் 3770க்கும் உள்ள இடைவெளி 3.6க்கு 3.9, எட்டு சதவீதம். அதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. எட்டு த்ரெட் வேலை செய்வது வீடியோ எக்ஸ்போர்ட்டில். இவர் வீடியோ பண்ணுவதாகச் சொல்லவில்லையே.

3770க்கு ஒரு நியாயமான காரணம் உண்டு, அதை நீங்கள் சொல்லவில்லை: உள்ளே இருக்கும் கிராபிக்ஸ். 3470இல் எச்டி 2500, 6 செயல் அலகுகள். 3770இல் எச்டி 4000, 16 அலகுகள். 2100இல் இருக்கும் எச்டி 2000 டைரக்ட்எக்ஸ் 10.1ஓடு நின்றுவிட்டது, அதற்கு விண்டோஸ் 10க்கான டிரைவரை இன்டெல் தரவே இல்லை. ஐ7-2600ஐ யாராவது கையில் திணித்தால் மறுத்துவிடுங்கள், அதிலும் அதே எச்டி 2000தான். 95 வாட் வேறு.

புதுப்பலகை
ரெண்டு பேரும் 2012ஆம் வருஷத்துக்குள்ளேயே சண்டை போட்டுட்டிருக்கீங்க. விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிஞ்சது. தனிநபர்களுக்கான நீட்டிப்பு 2026 அக்டோபர் 13 வரைக்கும்னுதான் மைக்ரோசாஃப்ட் அறிவிச்சது. விண்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான், கூடவே டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்பு வசதியையும் கேட்கும். எச்61ல அது ஏது? இன்னொண்ணு: ஏவிஎக்ஸ்2 கட்டளைத் தொகுதி 2013ல வந்த நாலாம் தலைமுறையிலதான் ஆரம்பம். 3770லயும் கிடையாது. ஏவிஎக்ஸ்2 இல்லாம ஓடவே மாட்டேங்கிற மென்பொருள்கள் பெருகிட்டே வருது, அதுக்கு எந்த குறுக்குவழியும் இல்லை. யூடியூப் அனுப்புற விபி9, ஏவி1 வீடியோ வடிவம் ரெண்டையும் எச்டி 4000 ஹார்ட்வேரில் டிகோட் பண்ணாது, எல்லாச் சுமையும் கோர் மேலதான் விழும்.

காசைச் சேர்த்து வச்சு எச்610 போர்டும் ஐ3-12100ம் எடுங்க. நாலு கோர் எட்டு த்ரெட், 4.3 வரை, ஒத்தை கோர் வேகம் உங்க 2100ஐப் போல ரெண்டு மடங்குக்கு மேல. டிடிஆர்4 போர்டாப் பார்த்து எடுங்க.

எட்டுத்திரி
7,000க்கு போர்டு, ப்ராசசர், ரேம் மூணும் வருமா சார்? ரேம் விலை ஏறிக் கிடக்கிற நிலைமை தெரிஞ்சும் சொல்றீங்க. விண்டோஸ் 11ஐ ரூஃபஸ்ங்கிற கருவி வழியா டிபிஎம் சோதனையைத் தாண்டி 3770லயும் ஏத்தலாம். அதோட 24எச்2 பதிப்பு கட்டாயமாக் கேட்கிற எஸ்எஸ்இ4.2, பாப்கவுன்ட் கட்டளைகள் ரெண்டும் இதுல இருக்கு.

புதுப்பலகை
ஏத்தலாம். மாசாந்திர அப்டேட் வரும், ஆனா வருஷா வருஷம் வர்ற புதுப் பதிப்பு தானா வராது, ஒவ்வொரு தடவையும் ஐஎஸ்ஓ இறக்கி கையால் ஏத்தணும். வாடிக்கையாளர் ஆதாரும் பான் கார்டும் வந்து போற சிஸ்டம் அது. அங்கே 'ஓடுதே, போதும்'னு சொல்ல எனக்கு மனசு வராது.

ஓம்_விதி
பேரலல் போர்ட்டை எல்லாரும் மறந்துட்டீங்க. புது போர்டில் பின்பக்கம் அது இருக்காது. யூஎஸ்பி-பேரலல் கேபிள் வாங்கினா விண்டோஸ் அதை யூஎஸ்பி பிரிண்டராத்தான் பார்க்கும், எல்பிடி1 (பேரலல் போர்ட்டுக்கு விண்டோஸ் வச்ச பேர்) ஆகாது. நேரா எல்பிடி1க்கு அனுப்புற பழைய பில்லிங் மென்பொருள் இருந்தா நின்னுபோகும். பிசிஐ எக்ஸ்பிரஸ் பேரலல் கார்டு போட்டா பெரும்பாலும் சரியாகும். அந்தச் செலவையும் கணக்கில் சேருங்க.

@கடைவீதி_டிடிபி, உங்க போர்டில் பயாஸ் தேதி என்ன? ரன் பெட்டியில் எம்எஸ்இன்ஃபோ32 அடிச்சா வரும்.

கடைவீதி_டிடிபி
2011 ஆகஸ்ட்னு காட்டுது.

ஓம்_விதி
அப்ப 3470, 3770 எதை மாட்டினாலும் ஃபேன் சுத்தும், பெரும்பாலும் திரை வராது. மூணாம் தலைமுறை வெளிவந்ததே 2012 ஏப்ரலில். அதுக்கு ரொம்ப முன்னாடி எழுதின பயாஸுக்கு இந்த ப்ராசசரைப் பெரும்பாலும் அடையாளம் தெரியாது. வாங்குறதுக்கு முன்னாடியே இதை முடிச்சிடுங்க:

1. போர்டில் அச்சடிச்ச மாடல் எண்ணையும் 'ரெவ்' எண்ணையும் குறிச்சுக்கோங்க. ஒரே பெயரில் ரெவ் 1க்கும் ரெவ் 2க்கும் பயாஸ் கோப்பு வேறயா இருக்கும்.
2. தயாரிப்பாளர் தளத்தில் சிபியு ஆதரவுப் பட்டியலில் 3470, 3770 எந்த பயாஸ் பதிப்பிலிருந்து ஓடும்னு பாருங்க. பட்டியலில் இல்லைன்னா அத்தோட விட்டுடுங்க.
3. 2100 மாட்டியிருக்கும்போதே அப்டேட் பண்ணணும். ஃபேட்32 பென் டிரைவ், பயாஸுக்குள்ளேயே இருக்கிற ஃபிளாஷ் கருவி. விண்டோஸிலிருந்து வேண்டாம். யூபிஎஸ் கட்டாயம்.
4. பல எச்61 போர்டுகளில் மேனேஜ்மென்ட் என்ஜின் (போர்டில் இருக்கிற இன்டெல்லோட உள்மென்பொருள்) 7லிருந்து 8க்கு மாறணும். அதுக்காக இடைப்பட்ட ஒரு பதிப்பை முதல்ல போட்டுட்டு, அப்புறம் கடைசிப் பதிப்பைப் போடச் சொல்வாங்க. குறிப்பைப் படிக்காம நேரா தாவாதீங்க. ஏறினப்புறம் பெரும்பாலும் பழசுக்குத் திரும்ப முடியாது.
5. அப்டேட் முடிஞ்சதும் சாட்டா மோட் (போர்டு டிஸ்கோட பேசுற முறை) பழையபடி இருக்கான்னு பாருங்க. ஐடிஇ, ஏஎச்சிஐ மாறிப்போனா விண்டோஸ் நீலத் திரையில் விழும், பயாஸ் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு போர்டைத் தூக்கிப் போடுறவங்க உண்டு. மோடைப் பழையபடி மாத்தினா போதும்.

இதைப் படிக்கிற மத்தவங்களுக்கு: கியூ65, கியூ67, பி65 சிப்செட்டுக்கு மூணாம் தலைமுறை ஆதரவை இன்டெல் தரலை. டெல் ஆப்டிபிளெக்ஸ் 790, 990 வச்சிருக்கவங்க ரெண்டாம் தலைமுறையைத் தாண்ட முடியாது.

நிதானி
ஐந்தாவது குறிப்போடு சேர்த்து: உங்கள் சிஸ்டம் இப்போது ஐடிஇ மோடில் இருந்தால் எஸ்எஸ்டிக்கு ஏஎச்சிஐ நல்லது. எம்எஸ்கான்ஃபிக்கில் சேஃப் பூட்டை டிக் செய்து, ரீஸ்டார்ட் ஆகும்போது பயாஸில் மோடை மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை நுழைந்து, டிக்கை எடுத்துவிட்டால் மறுபடி நிறுவத் தேவையில்லை.

எட்டுத்திரி
பழைய ப்ராசசர் எடுக்கும்போது அதோட உலோக மூடியில் அச்சடிச்ச எழுத்தைப் படிங்க. 3770க்கு எஸ்ஆர்0பிகே. 3770எஸ், 3770டி வேற: டி 45 வாட், அடிப்படை வேகம் 2.5தான். அதைவிட மோசம் 3470டி. பேர்தான் ஐ5, உள்ளே ரெண்டே கோர். 'கான்ஃபிடென்ஷியல்'னு இருந்தா சோதனைச் சில்லு, தொடவேண்டாம். இன்டெல்லோட சியான் இ3-1230 வி2 ப்ராசசர் மலிவாக் கிடைக்கும், ஆனா அதுல கிராபிக்ஸே இல்லை, உங்க சிஸ்டத்தில் திரை வராது.

2100ஓட வந்த மெலிசான கூலரை 77 வாட்டுக்கு வைக்காதீங்க. அடியில் செம்பு வச்ச உயரமான ஸ்டாக் கூலர் பழசாவே கிடைக்கும். தெர்மல் பேஸ்ட் நடுவில் மிளகு அளவு. நாலு பின்னையும் குறுக்குக் குறுக்காக அழுத்துங்க, ஒண்ணு தூக்கிட்டிருந்தாலும் 90 டிகிரியைத் தாண்டும். ப்ராசசரைத் தூக்கினதும் சாக்கெட்டை வெளிச்சத்தில் சாய்ச்சுப் பாருங்க, ஒரு பின் வளைஞ்சிருந்தாலும் ஒரு ரேம் ஸ்லாட்டே போயிடலாம்.

புதுப்பலகை
பதினைஞ்சு வருஷ போர்டு. கபாசிட்டர் தலை உப்பியிருக்கான்னும் பார்க்கச் சொல்லுங்க. அது போனா ப்ராசசர் கையில் நிக்கும். கடையில் இன்னும் புதுசா விக்கிற பேர் தெரியாத எச்61 போர்டைத் தேடி அலையணும்.

எட்டுத்திரி
அதுக்குத்தான் பழைய விலையில் வாங்குறோம். எஸ்எஸ்டி எந்த போர்டுக்கும் மாறிப் போகும், நட்டம் ப்ராசசரும் டிடிஆர்3ம் மட்டும்தான்.

கடைவீதி_டிடிபி
எஸ்எஸ்டியும் இன்னொரு 4 ஜிபியும் இந்த வாரம் எடுக்கிறேன். பயாஸ் அப்டேட்டையும் முடிச்சிடுறேன். மிச்சக் காசு இருந்தா 3470. இது சரியா?

நிதானி
சரி. ஆனால் எஸ்எஸ்டி போட்டபின் ஒரு வாரம் அதே டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். சிபியு அடிக்கடி 90க்கு மேல் நின்றால் மட்டும் 3470.

புதுப்பலகை
நிக்கலைன்னா அந்தக் காசை எடுத்து வைங்க. 12100க்கு ஆகும்.

எட்டுத்திரி
கண்டிப்பா நிக்கும். நின்னதும் 3470 இல்லை, 3770. வித்தியாசம் ஒரு டோனர் ரீஃபில் காசு.