ஓடற ஆஸ்பத்திரிக்கு லேசர் ஸ்கேன், பிம் எல்லாம் தேவையா?

ரசமட்டம்:
வணக்கம் மக்களே. ஒரு பழைய ஆஸ்பத்திரி, தரைத்தளம் சேத்து நாலு தளம், 80கள்ல கட்டினது. ஏசி டக்ட், பைப் எல்லாம் புடுங்கிட்டு புதுசா போடற வேலை. மொத்த பில்டிங்கயும் லேசர் ஸ்கேன் பண்ணி ரெவிட்ங்கற சாஃப்ட்வேர்ல பிம் மாடல் (ஒவ்வொரு பாகமும் அளவு, விவரத்தோட இருக்கற 3டி மாடல்) போட்டாத்தான் டக்டையே தொடணும்னு கன்சல்டன்ட் ஒத்தக்கால்ல நிக்கறார். ஓனர் என்கிட்ட, "ஏம்ப்பா, 40 வருஷமா நிக்கிற கட்டடம் எங்க ஓடிப்போகுது, இப்ப எதுக்கு அளக்கணும்"ங்கறார். எனக்கும் அதே கேள்விதான். டேப்பு, டிஸ்டோ (கையில புடிச்சு தூரம் அளக்கற லேசர்), ரெண்டு பசங்க இருந்தா ஒரு வாரத்துல அளந்து ஆட்டோகேட்ல போட்டுடுவேன். இதுக்குப் போய் லட்சத்துல கொட்டணுமா?

புள்ளிமேகம் கோவை:
சார் தப்பா எடுத்துக்காதீங்க, நான் அஞ்சு வருஷமா ஸ்கேன் பாத்து மாடல் போடற வேலைதான் பாக்கறேன், லண்டன்ல இருக்கற பில்டிங்க கோவைல உக்காந்து வரையறது. டேப்ல நீங்க எடுக்கறது, எடுக்கணும்னு தோணின அளவு மட்டும்தான். ஸ்கேனர் ஒரு இடத்துல நின்னு சுத்தி தெரியற எல்லாத்தையும் லட்சக்கணக்கான புள்ளியா எடுத்துடும், ஒவ்வொரு புள்ளியும் எங்க இருக்குன்னு சில மில்லிமீட்டர் பிசகுல சொல்லும், அப்புறம் ஆபீஸ் வந்து "அய்யோ அந்த பீமோட அடிமட்டம் எடுக்கலயே"ன்னு திரும்ப வண்டிய எடுக்க வேணாம். எனக்கே ஒண்ணு நடந்துச்சு. டிராயிங்ல பீம் 18 இன்ச், ஸ்கேன்ல 24. அந்த ஆறு இன்ச்லதான் டக்ட் போகணும். டக்ட் ஆர்டர் போறதுக்கு முன்னாடியே நேவிஸ்வொர்க்ஸ்ல, அதான் எது எதோட இடிக்குதுன்னு பாக்கற சாஃப்ட்வேர்ல, செவப்பா காட்டிடுச்சு.

ரசமட்டம்:
தம்பி, பீம் அடிய அளக்க ஒரு ஏணி போதும் 😄 நான் கேக்கறது வேற. கீழ ஃபால்ஸ் சீலிங் இருக்கு. உங்க லேசர் டைல தாண்டிப் போய் பாக்குமா?

புள்ளிமேகம் கோவை:
பாக்காது. நம்ம கண்ணுக்கு மறைஞ்சது அதுக்கும் மறைவுதான். கான்கிரீட்டுக்குள்ள கம்பியும் தெரியாது, அதுக்கு வேற மெஷின். கண்ணாடி, பளபளன்னு இருக்கற ஸ்டீல், தேங்கின தண்ணி இதுலயும் தப்புத்தப்பா புள்ளி வரும். அதனால டைல கழட்டிட்டுத்தான் ஸ்கேன் பண்ணணும்.

ரசமட்டம்:
பேஷன்ட் படுத்திருக்கற வார்டுல டைல கழட்டி தூசி கொட்டணுமா? நல்லா இருக்கு போங்க.

சிங்கை மாமா:
நடுவுல வரேன். சிங்கப்பூர்ல 2015லேர்ந்தே 5000 சதுர மீட்டருக்கு மேல போற புது பில்டிங்குக்கு பிம் மாடலாத்தான் அரசாங்கத்துக்கு சப்மிட் பண்ணணும். பிரிட்டன்ல 2016 ஏப்ரல்லேர்ந்து மத்திய அரசு எடுக்கற வேலைகளுக்கு கட்டாயம். பாரிஸ் நோத்ர தாம் 2019ல எரிஞ்சுதே, அத திரும்ப கட்டறப்போ கைகொடுத்ததுல ஒண்ணு ஆண்ட்ரூ டாலன்னு ஒரு பேராசிரியர் வருஷங்களுக்கு முன்னாடியே எடுத்து வெச்ச லேசர் ஸ்கேன். 100 கோடி புள்ளிக்கு மேல. தீ பிடிக்கறதுக்கு சில மாசம் முன்னாடி மனுஷன் போய்ட்டார், பாவம். நம்மாளுங்க இன்னும் டேப்ப விட மாட்டேங்கறீங்க.

ரசமட்டம்:
மாமா, அது 800 வருஷத்து சர்ச், இது ஏசி டக்ட். அங்க சட்டம் போட்டான், செஞ்சாங்க. இங்க சைட்ல மேஸ்திரி கையில இருக்கறது ஏ3 பிரிண்டு, அதுலயும் பாதி டீ கறை.

கொத்தனார் மகன்:
ரெண்டு பேரும் விட்டதை சொல்றேன். அதே நோத்ர தாம்ல டாலன் ஸ்கேன்ல என்ன தெரிஞ்சுதுன்னா, மேற்குப் பக்கம் உள்ள தூண்கள் ஒரே வரிசைல இல்ல. கண்ணுக்கு நேரா தெரியுது, புள்ளில கோணல். இப்ப கோவை தம்பி சொல்லட்டும், அந்த மாதிரி ஒரு சுவர் மேல போகப்போக 40 எம்எம் சாஞ்சிருந்தா ரெவிட்ல எப்படி போடுவீங்க?

புள்ளிமேகம் கோவை:
...உண்மைய சொன்னா நேராத்தான் போடுவோம். சாய்ச்சுப் போட்டா டைம் ரெண்டு மடங்கு, கிளையன்ட் அதுக்கு காசு தர மாட்டான்.

கொத்தனார் மகன்:
அதான் விஷயம். ஸ்கேன் பொய் சொல்லல, அதுமேல வரையற நீங்கதான் சொல்றீங்க. எங்கப்பா தூக்குக்குண்டு விட்டு சாய்வ சொல்லிடுவார், நீங்க லட்சம் செலவு பண்ணி அதையே மறைச்சுடறீங்க. எத்தன எம்எம் வரைக்கும் நேராக்கலாம்னு ஒர்க் ஆர்டர்லயே எழுதி வாங்கலேன்னா அந்த மாடல நம்பி டக்ட் வெட்டாதீங்க.

புள்ளிமேகம் கோவை:
அண்ணே சரிதான். ஆனா மாடல்தான் நேரு, புள்ளி ஃபைல் அப்படியே கோணலாத்தான் இருக்கும், அத மேல போட்டுப் பாத்தா எங்க விலகுதுன்னு தெரிஞ்சுடும். ரசமட்டம் சார், முழு பில்டிங் வேணாம். பிளான்ட் ரூம் (ஏசி மெஷின் இருக்கற ரூம்), காரிடார், பைப் ஏறற ஷாஃப்ட், இத மட்டும் ஸ்கேன் பண்ணுங்க. வார்டுக்கு உங்க டேப்பு போதும்.

ரசமட்டம்:
இது கேக்க நல்லா இருக்கு. காரிடார் டைல நைட் ஷிப்ட்ல கழட்டலாம், மேட்ரன் கிட்ட நான் பேசிக்கறேன். கன்சல்டன்ட் ஒத்துப்பாரான்னு தெரியல.

சிங்கை மாமா:
ஸ்கேன் முடிஞ்சதும் ஒரிஜினல் புள்ளி ஃபைல ஓனர் கையில வாங்கி வெச்சுடுங்க. வெறும் பிடிஎஃப் குடுத்துட்டு போயிடுவாங்க, அப்புறம் அடுத்த ரினொவேஷனுக்கு மறுபடி மொதல்லேர்ந்து.

ரசமட்டம்:
ஃபைல் எத்தன ஜிபி இருக்கும்?

புள்ளிமேகம் கோவை:
மூணு இடத்துக்கும் சேத்து 100 ஜிபி தாண்டலாம் சார்.

ரசமட்டம்:
அப்ப ஹார்ட் டிஸ்க் காசு எந்த பில்லுல ஏத்தறது, அதையும் சொல்லிடுங்க.